லாந்தனைடுகளில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருந்தது?

முதுகலை வேதியியல் முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது: "லாந்தனைடுகள் எல்லாமே +3 நிலையில்தான் இருக்கும் என்று படித்தோம். பதினைந்து தனிமங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்றும் படித்தோம். அப்படியானால் வில்லியம் எவன்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துறையில் என்னதான் செய்தார்? அதில் நான் சேரலாமா?"

நீங்கள் படித்ததைக் குறை சொல்ல மாட்டேன். லாந்தனைடுகள் என்பவை லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையுள்ள பதினைந்து தனிமங்கள்; +3 நிலை என்றால் அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலை. பிளஸ் டூ பாடநூலில் லாந்தனைடு குறுக்கமும் (வரிசையில் போகப் போக அயனி சிறிதாவது) +3 நிலையும் போதும். தேர்விலும் அவற்றைத்தான் கேட்பார்கள். ஆனால் எவன்ஸின் ஆய்வு வாழ்க்கை, அந்த இரண்டு வரிகளையும் எடுத்துக்கொண்டு "இது எதுவரை உண்மை?" என்று சோதனைக் குடுவையில் கேட்டுப் பார்த்த கதை. மூன்று முறை அந்த எல்லை நகர்ந்தது. அந்த மூன்றையும் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில், அவர் நுழைந்தபோது துறை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்ப்போம். இரும்பு அணு இரண்டு ஐங்கார்பன் வளையங்களுக்கு நடுவே அமைந்த ஃபெரோசீன் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1954-இல், ஜெஃப்ரி வில்கின்சனும் பர்மிங்காமும் லாந்தனைடு அயனி ஒன்றைச் சுற்றி அதே வகையான மூன்று சைக்ளோபென்டாடையீனைல் வளையங்கள் அமைந்த சேர்மங்களைத் தயாரித்துவிட்டார்கள். ஆனாலும் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலான கரிம உலோக வேதியியலாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. காரணம் எளிது. 4f எலக்ட்ரான்கள் 5s, 5p எலக்ட்ரான்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கின்றன. உலோகத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் தொகுதிகளான ஈனிகளோடு அவை கைகோர்ப்பது மிகக் குறைவு. இடைநிலைத் தனிமங்களில் வழிகாட்டும் பதினெட்டு எலக்ட்ரான் விதி இங்கே செல்லாது. எனவே லாந்தனைடு என்றால் மூன்று மின்சுமை கொண்ட கால்சியம் போல ஒன்று, அவ்வளவுதான் என்று எண்ணினார்கள். கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும் உலோகத்தில் ஆர்வம் காட்ட யார் இருக்கிறார்கள்?

எவன்ஸ் அந்தத் துறையில் பயிற்சி பெற்றவர் அல்லர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவராக இருந்தபோதே பென்டாபோரேன் என்னும் சேர்மத்தில் வேலை செய்தார். காற்றுப் பட்டால் தீப்பற்றும் பொருள் அது. பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஃபிரடெரிக் ஹாத்தார்னிடம் மெட்டலோகார்போரேன்களில் (போரான், கார்பன், உலோகம் சேர்ந்த சேர்மங்கள்) முனைவர் பட்டம். அதன்பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எர்ல் மியூட்டர்டீஸிடம் இடைநிலை உலோகங்கள். 1975-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வுக்குழுவைத் தொடங்கியபோது, தனக்குத் தெரிந்த இரண்டையும் விட்டுவிட்டு லாந்தனைடுகளைத் தேர்ந்தெடுத்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இளம் பேராசிரியர் ஒருவருக்கு நிரந்தரப் பணி கிடைப்பதற்கு முன் இருக்கும் ஆண்டுகள் மிகச் சில. அந்த ஆண்டுகளில் தனக்கு முன்பின் தெரியாத தனிமங்களை எடுப்பது சிறிய துணிச்சல் அல்ல. ஆனால் காற்றையும் ஈரத்தையும் கிட்ட அண்டவிடாமல் வேலை செய்யும் பழக்கத்தை போரான் சேர்மங்களே அவர் கைகளுக்குக் கொடுத்திருந்தன. லாந்தனைடு கரிம உலோக வேதியியலுக்கு அதைவிட வேறு அடிப்படை தேவையில்லை.

தொடக்கத்தில் அவர் எடுத்த வழி முரட்டு வழி. லாந்தனைடு உலோகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்த சுவரில் ஹைட்ரோகார்பன்களோடு சேர்த்து உறையவைத்தார். அயனியாக மாறாத, மின்சுமையற்ற உலோக அணுக்கள் ஆல்கைன்களோடும் டையீன்களோடும் என்ன செய்கின்றன என்று பார்ப்பதே நோக்கம். கிடைத்தவற்றில் பல, இன்னதென்று சொல்ல முடியாத கலவைகள். ஆனால் அந்த வழியில்தான், 1981-இல், அவர் வாழ்க்கையைத் திருப்பிய சேர்மம் கிடைத்தது. அதில் இருந்த உலோகம் சமாரியம். அதுவும் +3 நிலையில் அல்ல, +2 நிலையில். இருபுறமும் ஐந்து மெத்தில் தொகுதிகள் கொண்ட இரண்டு வளையங்கள். கூடவே கரைப்பானாகிய டெட்ராஹைட்ரோபியூரான் மூலக்கூறுகள் இரண்டு. பென்டாமெத்தில்சைக்ளோபென்டாடையீனைல் என்னும் நீண்ட பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இனி ஐமெத்தில் வளையம் என்கிறேன்.

சமாரியம் +2 நிலைக்கு வரும் என்பது அப்போது புதிய செய்தி அல்ல. யூரோப்பியம், இட்டர்பியம், சமாரியம் மூன்றும் அந்த நிலையில் கரைசலில் கிடைக்கும். பிரான்சில் காகன் 1977-இல் சமாரியம் டையயோடைடை எளிதாகத் தயாரிக்கும் வழியைக் காட்டியிருந்தார். அந்தக் கருநீலக் கரைசலை இன்று கரிமத் தொகுப்பில் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். புதிது எதுவென்றால், அந்த வலிமையான ஒடுக்கி (பிறவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) இப்போது ஹைட்ரோகார்பன் கரைப்பானில் கரையும் மூலக்கூறாக, எக்ஸ் கதிரால் அமைப்பைக் காணக்கூடிய படிகமாகக் கையில் இருந்தது. பின்னர் சமாரியம் டையயோடைடிலிருந்தே அதைத் தயாரிக்கும் வழியும் வந்ததால், உலோக ஆவி அடுப்பு இல்லாத ஆய்வகமும் அதைத் தொட முடிந்தது.

எவன்ஸ் 1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்கு மாறினார், அங்கேயே தொடர்ந்தார். அதே ஆண்டு டூபான்ட் நிறுவனத்தில் பட்ரீசியா வாட்சன், லுட்டீசியத்தின் ஐமெத்தில் வளையச் சேர்மம் ஒன்று மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பையே உடைத்து மாற்றிக்கொள்வதைக் காட்டினார். மூன்று மின்சுமை கொண்ட கால்சியம் என்ற எண்ணத்துக்கு விழுந்த பெரிய அடிகளில் அதுவும் ஒன்று. எவன்ஸின் குழுவும் லாந்தனைடு ஹைட்ரைடுகளின் அமைப்பைக் கண்டது. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் மூன்றைச் சமாரியம் ஒன்றாகக் கோத்துவிடுவதைக் கண்டது. அவற்றைத் தாண்டி 1984-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு கரைப்பான் மூலக்கூறுகள் எதுவும் ஒட்டாத, இரண்டு ஐமெத்தில் வளையங்கள் மட்டும் கொண்ட சமாரியம் சேர்மத்தை அவர்கள் படிகமாக்கினார்கள். பிணைப்பு முழுக்க அயனிப் பிணைப்பு என்றால், பருமனான இரண்டு வளையங்களும் ஃபெரோசீனில் இருப்பதுபோல ஒன்றுக்கொன்று இணையாக, முடிந்த அளவு விலகி நிற்க வேண்டும். அவை அப்படி நிற்கவில்லை. ஏறத்தாழ 140 டிகிரியில் வளைந்திருந்தன. சமாரியத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அந்தத் திறந்த வாசலுக்குள் நான்கு ஆண்டுகள் கழித்து நைட்ரஜன் நுழைந்தது.

1988. நம் மூச்சுக்காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். காற்றுப் படாமல் கையுறை வழியே வேலை செய்யும் பெட்டியான குளோவ் பாக்ஸின் உள்ளே நாம் நிரப்புவதும் பெரும்பாலும் அதைத்தான், எதனோடும் வினைபுரியாது என்ற நம்பிக்கையில். அந்த நைட்ரஜன் இரண்டு சமாரியம் அணுக்களுக்கு நடுவே குறுக்காகப் படுத்துக்கொண்டு, நான்கு அணுக்களும் ஒரே தளத்தில் அமைந்த படிகமாக வெளிவந்தது. லாந்தனைடு ஒன்று நைட்ரஜனைப் பிடித்த முதல் சேர்மம் அது. பிடிப்பு இறுக்கமானதும் அல்ல. நைட்ரஜன் வரும், போகும். அதுவரை லாந்தனைடுகளுக்கும் நைட்ரஜனுக்கும் உறவே இல்லை என்று இருந்த எண்ணம் அந்த ஒரு படிகத்தால் உடைந்தது. முதல் எல்லை நகர்ந்தது இங்கே.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் இதை விவரிக்கும்போதெல்லாம் எனக்கே புதிதாகக் கேட்பதுபோல இருக்கும்.

ஒரு ஈனி உலோகத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைக் கூம்புக் கோணத்தால் அளப்பார்கள். ஐமெத்தில் வளையத்துக்கு அந்தக் கோணம் 142 டிகிரி என்று கணக்கிட்டிருந்தார்கள். மூன்று வளையங்களைச் சேர்த்தால் 360-ஐத் தாண்டிவிடும். எனவே ஒரே உலோகத்தைச் சுற்றி மூன்று ஐமெத்தில் வளையங்கள் அமைய இடமில்லை என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு. கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. 1991-இல் எவன்ஸின் ஆய்வகத்தில், சமாரியத்தின் அந்த +2 சேர்மத்தோடு சைக்ளோஆக்டாடெட்ரயீனைச் சேர்த்தபோது, எதிர்பார்த்த விளைபொருளோடு இன்னொன்றும் வந்தது. படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால், சமாரியத்தைச் சுற்றி மூன்று ஐமெத்தில் வளையங்கள்.

எப்படி இடம் கிடைத்தது? ஒவ்வொரு வளையமும் சற்றுப் பின்வாங்கியிருந்தது. இத்தகைய சேர்மங்களில் சமாரியம்–கார்பன் தூரம் வழக்கமாக 2.7 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). இதில் சராசரி 2.82. பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம் சொச்சம் கூடினால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பிணைப்பு நீளங்களின் உலகில் அது மிகப் பெரிய விலகல். நெருக்கத்தில் திணறிக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. பண்டிகைக் காலத்து ரயில் பெட்டியில் மூவர் இருக்கையில் ஐவர் உட்கார்ந்திருப்பதுபோல.

திணறும் மூலக்கூறு சும்மா இருக்குமா? இங்கேதான் எவன்ஸின் உண்மையான கூர்மை தெரிகிறது. அமைப்பைக் கண்டு வியந்து ஒரு கட்டுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அது எப்படி வினைபுரிகிறது என்று ஆண்டுக்கணக்கில் தோண்டினார். அதில் உள்ள சமாரியம் +3. அது ஒடுக்கியாக இருக்கக் காரணமே இல்லை. ஆனால் அது ஒடுக்கியாக நடந்துகொண்டது. எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், உலோகத்திலிருந்து அல்ல, நெருக்கத்தில் இருந்த வளையங்களில் ஒன்றிலிருந்து வருகிறது. அந்த வளையம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெளியேறி, இன்னொரு வளையத்தோடு இணைந்து இரட்டையாகிவிடுகிறது. இடநெருக்கடியால் தூண்டப்படும் ஒடுக்கம் என்று இதற்குப் பெயரிட்டார்கள். +2 நிலையே கிடையாது என்று கருதப்பட்ட லாந்தனைடுகளிலும் இதைச் செய்ய முடிந்தது. ஒடுக்கும் வலிமையை ஈனிகளின் நெருக்கத்தைக் கொண்டே கூட்டலாம், குறைக்கலாம் என்ற நிலை வந்தது.

இந்த இடத்தில் லாந்தனைடு குறுக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். ஆறு அணைவு எண்ணில் லாந்தனம் அயனியின் ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம், லுட்டீசியத்துக்கு 0.86. நடுவே உள்ள ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறில் ஒரு ஆங்ஸ்ட்ராம் குறைகிறது. வேறு எந்த வரிசையிலும் ஒரே மின்சுமையோடு, ஒரே மாதிரி வேதிப்பண்போடு, அளவை மட்டும் இப்படிச் சிறுகச் சிறுக மாற்ற முடியாது. "எல்லாம் ஒரே மாதிரி" என்று நீங்கள் குறையாகச் சொன்னதை எவன்ஸ் தன் கருவியாக எடுத்துக்கொண்டார். ஒரு வினை சமாரியத்தில் நடந்து லுட்டீசியத்தில் நடக்கவில்லை என்றால், இடநெருக்கடியே காரணம் என்று சந்தேகிக்க அவருக்கு வழி இருந்தது. தனிம வரிசையை இசைக்கருவியின் சுருதியைக் கூட்டிக் குறைப்பதுபோலக் கையாண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வேன்.

மூன்றாவது எல்லை +3 என்ற வரியே. 1997-இல் ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கோரோத் நகரில் மிகயில் போச்கரேவின் குழு தூலியத்தை +2 நிலையில் படிகமாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் டிஸ்ப்ரோசியமும் நியோடிமியமும் சேர்ந்தன. ஆக ஆறு. மற்றவற்றுக்கு ஒடுக்க மின்னழுத்தம் மிகவும் கீழே இருந்ததால், அவை +2 நிலையில் கரைசலில் கிடைக்க வாய்ப்பே இல்லை என்றுதான் கணக்குகள் சொல்லின. ஆனால் எவன்ஸின் ஆய்வகத்தில் ஒரு நெருடல் வளர்ந்துகொண்டே இருந்தது. டிஸ்ப்ரோசியத்தின் +2 சேர்மம் நைட்ரஜனை ஒடுக்கியது, அதில் வியப்பில்லை. +2 நிலை இல்லாத ஹோல்மியம், கடோலினியம் போன்றவற்றின் +3 சேர்மங்களை பொட்டாசியத்தோடு சேர்த்தாலும் நைட்ரஜன் அதே போல ஒடுங்கியது. 2004-இல் இதைப் பல லாந்தனைடுகளுக்கும் விரித்துக் காட்டினார்கள். பொட்டாசியம் நேராக நைட்ரஜனை ஒடுக்கவில்லை என்றால், நடுவில் யார் எலக்ட்ரானை வாங்கிக் கைமாற்றினார்கள்?

2008-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாப்பர்ட்டின் குழு லாந்தனம், சீரியம் இரண்டையும் +2 நிலையில் படிகமாகக் காட்டியது. சிலிக்கான் தொகுதிகள் ஒட்டிய மூன்று ஐங்கார்பன் வளையங்கள் உலோகத்தைச் சூழ்ந்திருந்தன. எவன்ஸின் குழு 2011-இல் இட்ரியத்துக்குச் சென்றது. வளையத்துக்கு ஒரு சிலிக்கான் தொகுதி வீதம் வைத்து, நைட்ரஜனை விலக்கி ஆர்கான் வாயுவில், பொட்டாசியம் கிராஃபைட்டைக் கொண்டு ஒடுக்கினார்கள்; பொட்டாசியம் அயனியைக் கிரௌன் ஈதர் என்னும் வளைய மூலக்கூறால் பொதிந்து வைத்தார்கள். கரைசல் அடர்ந்த நிறத்துக்கு மாறியது.

இட்ரியத்தை எடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. அது லாந்தனைடு அல்ல. ஆனால் அளவில் ஹோல்மியம், எர்பியத்தோடு ஒத்துப்போகும். f எலக்ட்ரான்கள் இல்லை. இயற்கையில் ஒரே ஐசோடோப்பு. அதன் அணுக்கருச் சுழற்சி ½. ஆகவே இணையாத எலக்ட்ரான் ஒன்று உண்மையிலேயே இட்ரியத்தின்மீது இருந்தால், இணையாத எலக்ட்ரான்களைக் காட்டும் ஈபிஆர் நிறமாலையில் ஒரு கோடு பிளந்து இரண்டு கோடுகளாகத் தெரிய வேண்டும். அப்படியே இரண்டு கோடுகள் தெரிந்தன. எலக்ட்ரான் வளையத்தில் இருக்கிறதா, உலோகத்தில் இருக்கிறதா என்று வாதாட இடமே இல்லாமல் போனது.

அடுத்து ஹோல்மியம், எர்பியம். 2013-இல் பிரசியோடிமியம், கடோலினியம், டெர்பியம், லுட்டீசியம். கதிரியக்கத்தால் கையாள முடியாத புரோமீத்தியம் தவிர, வரிசை முழுவதும் +2 நிலையில் மூலக்கூறுகளாகப் படிகமாகிவிட்டது. அதே ஆண்டு யுரேனியத்தின் +2 சேர்மமும், 2015-இல் தோரியத்தின் +2 சேர்மமும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தன. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தோடு சேர்ந்து 2017-இல் புளூட்டோனியம்.

இவ்வளவு காலம் ஏன் யாரும் எட்டவில்லை என்பதற்கான விடைதான் இதில் ஆழமானது. கணக்கிட்டவர்கள் எல்லோரும் கூடுதல் எலக்ட்ரான் 4f-இல் போய் உட்காரும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். மூன்று வளையங்கள் முக்கோணமாகச் சூழும்போது 5d ஆர்பிட்டால்களில் ஒன்றின் ஆற்றல் இறங்கிவிடுகிறது. எலக்ட்ரான் அங்கே போகிறது. இர்வைனில் ஃபிலிப் ஃபுர்க்கேயின் கோட்பாட்டுக் கணக்குகளும் அதையே காட்டின. படிகத்திலும் அதற்குச் சாட்சி உண்டு. சமாரியம் போன்ற பழைய வகை அயனி +3-இலிருந்து +2-க்கு வரும்போது உலோகத்துக்கும் வளையத்துக்கும் இடையிலான தூரம் பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நீளும். புதிய வகையில் நீட்சி 0.03 ஆங்ஸ்ட்ராம் அளவுதான். நிறமும் சொல்லும்: +3 சேர்மங்களின் இளம் பச்சையும் இளஞ்சிவப்பும் போய், புதியவை கருமை தட்டிய அடர்நிறத்தில் இருக்கும். இன்னும் வியப்பு, போச்கரேவின் அயோடைடில் 4f பக்கம் இருந்த டிஸ்ப்ரோசியமும் நியோடிமியமும் இந்த மூன்று வளையங்களுக்குள் வந்ததும் 5d பக்கம் சாய்ந்துவிட்டன. அயனியின் எலக்ட்ரான் அமைப்பையே ஈனி தீர்மானிக்கிறது. f எலக்ட்ரான்கள் ஈனிகளைப் பொருட்படுத்தாது என்று தொடங்கிய துறையில் இது வந்து சேர்ந்த இடம்.

"இதனால் என்ன பயன்?" என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கும் சொல்கிறேன். இந்த +2 சேர்மங்கள் பல அறை வெப்பநிலையில் சில மணி நேரம்கூடத் தாங்காது. தொழிற்சாலைக்கு இவை நேராகப் போகப் போவதில்லை. ஆனால் காந்தவியலுக்குப் போயின. நைட்ரஜன் மூன்று எலக்ட்ரான்களை வாங்கி உருவாகும் தனியுறுப்பு அயனியை எவன்ஸின் குழு 2009-இல் பிரித்தெடுத்தது. பெர்க்லியில் ஜெஃப்ரி லாங்கின் குழுவோடு சேர்ந்து, அந்த அயனியை இரண்டு டெர்பியம் அயனிகளுக்கு நடுவே வைத்தபோது, தனி மூலக்கூறே காந்தமாக 14 கெல்வின் வரை காந்த நினைவைத் தக்கவைத்தது. 2011-இல் அது பெரிய பாய்ச்சல். பிறகு டிஸ்ப்ரோசியத்தை இரண்டு பருமனான வளையங்களுக்கு நடுவே வைத்த வேறு குழுக்கள் 2017-இல் 60 கெல்வினையும், 2018-இல் 80 கெல்வினையும் தொட்டன. 80 கெல்வின் திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்கு மேலே. லுட்டீசியத்தின் +2 சேர்மம் ஒன்று குவாண்டம் தகவல் ஆய்வில் 9.2 கிகாஹெர்ட்ஸ் கடிகார நிலைமாற்றம் (காந்தப்புலத்தின் சிறு அலைவுகளால் எளிதில் கலையாதது) கொண்ட மூலக்கூறாக 2022-இல் வெளிவந்தது. +2 நிலையே இல்லை என்று எழுதி வைத்திருந்த தனிமம் அது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: சேரலாமா? சேரலாம் என்பதே என் எண்ணம். லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட்டிலேயே இருப்பவை. அவற்றின் வேதியியலை ஆழமாக அறிந்தவர்கள் இங்கே இன்னும் பலர் வேண்டும். ஆனால் ஆய்வுக்குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியரின் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆய்வகத்துக்கு நேரில் போய், குளோவ் பாக்ஸ் ஓடுகிறதா, அதற்குள் மைனஸ் 35 டிகிரி உறைபெட்டி இருக்கிறதா, தாழ்ந்த வெப்பநிலையில் படிகத்தை அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவி எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1984, 1988, 1991 மூன்றிலும் முடிவைச் சொன்னது படிகம்தான். எதிர்பாராத விளைபொருளைக் கழிவில் கொட்டாமல் படிகமாக்கிப் பார்க்கும் பழக்கம் அந்தக் குழுவில் உண்டா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள்.

சேர்ந்தபின் முதல் வேலையாகச் சமாரியம் டையயோடைடை நீங்களே தயாரியுங்கள். உலோகத்தூள், டையயோடோஈத்தேன், நன்றாக உலர்த்திய டெட்ராஹைட்ரோபியூரான் போதும். கரைசல் கருநீலமாக வரும். அதை மூடி வைத்துவிட்டு மறுநாள் காலை வந்து பாருங்கள். நீலம் அப்படியே இருந்தால் அடுத்த வினைக்குப் போகலாம். மஞ்சளாகியிருந்தால் காற்று எங்கிருந்து நுழைந்தது என்று தேடுங்கள்.